பூட்லோடரில் ரேமை விவரிப்பது எப்படி: போர்டுக்குப் போர்டு மாறும் முகவரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில், உப்புவெளியில் ஒரு வீட்டின் முன்னறையில் சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். மேசை நிறையப் போர்டுகள், அதாவது ஒரே பலகையில் அடங்கிய சிறு கணினிகள்: பீகிள்போன் பிளாக், ராஸ்பெரி பை, ஆரஞ்சு பை, பழைய இயந்திரமொன்றிலிருந்து கழற்றிய ஐ.எம்எக்ஸ் 6 போர்டு. குளத்து நீர்மட்டம் பார்க்கும் பெட்டி, படகில் வைக்கிற சிறு கணினி என்று ஆளுக்கொரு வேலை. ஆனால் எல்லோரும் என்றாவது ஒருநாள் வந்து முட்டுகிற இடம் ஒன்றுதான்: யு-பூட்டில், அதாவது கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) ஏற்றிவிடும் பூட்லோடர் நிரலில், ரேம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதும் இடம். அங்கே கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். எட்டு இலக்கத்தில் வரும் முகவரிகளும் அளவுகளும் எல்லாம் ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட) எண்கள். முன்னொட்டை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ரேம் எவ்வளவு என்று கெர்னலே பார்த்துக்கொள்ளாதா? நாம் ஏன் சொல்லவேண்டும்?

மேசைக் கணினியில் பயோஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்ற தொடக்க நிரல் அந்த வேலையைச் செய்து, ரேம் எங்கெங்கே இருக்கிறது என்ற ஒரு வரைபடத்தைக் கெர்னலின் கையில் கொடுத்துவிடுகிறது. அதனால் அங்கே நமக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆர்ம் போர்டுகளில் அந்த இடத்தில் இருப்பது பூட்லோடர். அது சொல்வதைத்தான் லினக்ஸ் கெர்னல் நம்புகிறது. சொன்ன இடத்தில் உண்மையிலேயே ரேம் இருக்கிறதா என்று அது அளந்து பார்ப்பதில்லை.

காணி வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் காணி உறுதியை (பத்திரத்தை) மட்டும் வாசித்துவிட்டு வீடு கட்டத் தொடங்குகிற ஆள். சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லைக்கல் பார்ப்பது பூட்லோடரின் வேலை. உறுதியில் எல்லை பிழையாக இருந்தால், வீடு பக்கத்து வளவுக்குள் போகும்.

ரேம் சுழியத்தில்தானே தொடங்கும்?

சில சிப்களில் மட்டும். ராஸ்பெரி பையில் சுழியம்தான். ஆர்கே3399, ஜிங்க் 7000 ஆகியவற்றிலும் அப்படியே. பீகிள்போனில் உள்ள ஏஎம்335எக்ஸில் ரேம் 80000000இல் தொடங்குகிறது. ஆரஞ்சு பையின் ஆல்வின்னர் எச்3இலும் ஐ.எம்எக்ஸ் 8எம் வரிசையிலும் 40000000. ஐ.எம்எக்ஸ் 6 குவாடில் 10000000. அதே குடும்பத்துச் சிறிய பிள்ளையான 6 அல்ட்ராலைட்டில் 80000000. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி அங்கிருந்து இங்கே பிரதி எடுக்கக்கூடாது என்பதற்கு இந்தக் கடைசி இரண்டுமே போதும்.

ஏன் இந்த வேறுபாடு? பூட் ரோம் (சிப்பில் நிலையாகப் பதித்த முதல் நிரல்), உள்ளே இருக்கும் எஸ்ரேம் எனும் சிறிய நினைவகம், யூஆர்ட் (சீரியல் இணைப்பு) மாதிரியான சாதனங்களின் பதிவேடுகள் (ரெஜிஸ்டர்கள்) எல்லாவற்றுக்கும் அதே முகவரி வெளியில்தான் இடம் ஒதுக்கவேண்டும். யாருக்கு எங்கே இடம் என்பதைச் சிப்பை வடிவமைத்தவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். சிப்பின் கையேட்டில் மெமரி மேப் என்ற அத்தியாயத்தில் அது இருக்கும். தொடக்க முகவரியை அங்கிருந்து எடுங்கள். அளவைப் போர்டிலிருந்து எடுங்கள். ஒரே சிப்பை வைத்து 256 மெகாபைட்டோடும் 512 மெகாபைட்டோடும் போர்டு செய்கிறார்கள். ஆரஞ்சு பை ஸீரோ அப்படித்தான் இரண்டு அளவிலும் விற்கப்பட்டது.

இந்த ஹெக்ஸ் எண்களை மனதில் கணக்குப் பார்க்க வழி இருக்கிறதா?

சுழியங்களை எண்ணுங்கள். 1க்குப் பின் ஐந்து சுழியம் ஒரு மெகாபைட். ஆறு சுழியம் 16 மெகாபைட். ஏழு சுழியம் 256 மெகாபைட். இதைப் பிடித்துக்கொண்டால் 20000000 என்பது 512 மெகாபைட், 40000000 என்பது 1 ஜிகாபைட் என்று தானாக வரும். பீகிள்போன் பிளாக்கின் 512 மெகாபைட், 80000000இல் தொடங்கி ஹெக்ஸில் 9ஐத் தொடர்ந்து ஏழு எஃப் வரும் முகவரியில் முடிகிறது.

யு-பூட்டில் இதை எந்தக் கோப்பில் எழுதவேண்டும்?

ஒரே இடம் என்றால் இந்தப் பக்கமே தேவைப்பட்டிருக்காது. யு-பூட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. வொல்ஃப்காங் டெங்க் பவர்பிசி சிப்களுக்காக வளர்த்த பிபிசிபூட், 2002இல் மற்றச் சிப்களையும் ஏற்றுக்கொண்டு யு-பூட் ஆனது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு ஹெடர் கோப்பு, அதற்குள் எல்லா முகவரியும். இப்போது பெரும்பகுதி டெஃப்கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்புக்கும், போர்டில் என்னென்ன வன்பொருள் என்று விவரிக்கும் டிவைஸ் ட்ரீக்கும் போய்விட்டது. மிச்சம் ஹெடரிலேயே கிடக்கிறது. அதனால் மூன்று இடத்தையும் பார்க்கவேண்டும்.

ஹெடரில், போர்டின் பெயரோடு இருக்கும் கோப்பில், எஸ்டிரேம் பேஸ் என்று முடியும் மாறிலி ரேமின் தொடக்கம். டெஃப்கான்ஃபிக்கில் டெக்ஸ்ட் பேஸ் என்பது யு-பூட் முதலில் எந்த முகவரியில் ஏற்றப்படுகிறது என்பதைச் சொல்கிறது. ஏஎம்335எக்ஸில் அது 80800000, ரேம் தொடங்கி 8 மெகாபைட் தள்ளி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்: முதலாவது காணியின் எல்லை, இரண்டாவது அந்தக் காணிக்குள் கொட்டில் போடும் இடம். மூன்றாவது, டிவைஸ் ட்ரீயில் மெமரி என்ற நோட் (கணு). அதில் ரெக் என்ற வரியில் தொடக்கமும் அளவும் வரும். பீகிள்போன் பிளாக்குக்கு 80000000, அடுத்து 20000000.

இவை எல்லாம் சேருமிடம் சி மொழியில் எழுதிய இரண்டு பங்ஷன்கள். டிரேம்-இனிட் மொத்த அளவைத் தீர்மானிக்கிறது. டிரேம்-இனிட்-பேங்க்சைஸ் அதைத் துண்டு துண்டாக, அதாவது பேங்க்குகளாகப் பிரித்து எழுதுகிறது. சில போர்டுகளில் இவை டிவைஸ் ட்ரீயை வாசிக்கின்றன, சிலவற்றில் ரேம் கன்ட்ரோலரின் (ரேமை இயக்கும் சுற்றின்) பதிவேட்டை, சிலவற்றில் ரேமையே சோதித்துப் பார்க்கின்றன, இன்னும் சிலவற்றில் ஒரு நிலையான எண் மட்டும் இருக்கிறது. உங்கள் போர்டு இவற்றில் எந்த ரகம் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அது தெரியாமல் எந்தக் கோப்பில் கைவைத்தாலும் வேலை வீண்.

டிவைஸ் ட்ரீயில் அளவை மாற்றினேன். கெர்னல் இன்னும் பழைய அளவையே காட்டுகிறது. ஏன்?

நீங்கள் மாற்றியது கெர்னலுக்கான டிவைஸ் ட்ரீயாக இருக்கும். கெர்னலுக்குக் கொடுப்பதற்குச் சற்று முன்னர் யு-பூட் அந்த மெமரி நோட்டைத் தன் கணக்குப்படி திருத்தி எழுதிவிடுகிறது. நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் கடைசிச் சொல் யு-பூட்டுடையது. யு-பூட் பிராம்ப்டில் பிடிஇன்ஃபோ என்று அடித்துப் பாருங்கள். அங்கே டிரேம் பேங்க் என்ற வரிகளில் வருவதுதான் கெர்னலுக்குப் போகும். அது பிழையென்றால் யு-பூட் பக்கத்தைத் திருத்துங்கள்.

நன்றாகப் பூட் ஆகிறது. இரண்டு மணித்தியாலம் ஓடுகிறது. அப்புறம் எங்கோ ஒரு இடத்தில் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை.

இதை நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு மூன்று வாரம் போனது இதில்தான்.

மேலே சொன்ன ஐ.எம்எக்ஸ் 6 போர்டு 512 மெகாபைட். அதே போர்டின் 1 ஜிகாபைட் வடிவத்துக்கான யு-பூட் என்னிடம் இருந்தது. ரேம் கன்ட்ரோலரை அமைக்கும் அட்டவணையை அதிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். யு-பூட் 1 ஜிகாபைட் என்று காட்டியது. கெர்னலும் 1 ஜிகாபைட் என்றது. தம்பலகாமத்தில் ஒரு குளக்கட்டில் பெட்டியை வைத்துவிட்டு வந்தோம். அன்று பின்னேரமே அழைப்பு: "அண்ணா, மத்தியானம் மட்டும் ஓடினது, இப்ப ஒன்றும் வருகுதில்லை." கொண்டுவந்து பார்த்தால், ஒரு நாள் கோப்பு முறைமையில் பிழை, மறுநாள் பைத்தான் நடுவழியில் விழுகிறது, அதற்கு மறுநாள் கெர்னல் பேனிக். எஸ்டி கார்டை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன், நிரலைத் திருத்தி எழுதினேன். எதுவும் சரிவரவில்லை.

நடந்தது இதுதான். 1 ஜிகாபைட்டுக்கு அமைத்த கன்ட்ரோலர், முகவரியின் மேல் பிட் ஒன்றைக் கூடுதலாக ஒரு கம்பியில் அனுப்புகிறது. சிறிய ரேம் சிப்பில் அந்தக் கம்பிக்கு ஆள் இல்லை. ஆகவே 18000000க்கு எழுதினாலும் 38000000க்கு எழுதினாலும் சிப்பில் போய் விழுவது ஒரே அறையில். ஒரே காணிக்கு இரண்டு உறுதி. இங்கே காணிப் பிணக்கைக் கேள்விப்படாதவர் யாரும் இல்லை, அதனால் இது உடனே விளங்கும்: இரண்டு உறுதிக்காரரில் ஒருவர் மட்டும் விதைக்கும்வரை ஊரில் ஒரு சத்தமும் வராது. இருவரும் ஒரே போகத்தில் இறங்கும்போதுதான் பிரச்சினை வெடிக்கும். ரேம் பாதிக்கும் குறைவாகப் பயன்படும்வரை கெர்னலுக்கு ஒன்றும் ஆகாது. கோப்புகளை வாசிக்க வாசிக்க கேஷ் (கெர்னல் ரேமில் வைக்கும் கோப்புப் பிரதிகள்) பெருகி, பாதியைத் தாண்டியதும் ஒன்றின்மேல் ஒன்று எழுதத் தொடங்குகிறது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வேறு பிழை.

கன்ட்ரோலரின் பதிவேட்டை வாசித்து அளவைக் கண்டுபிடிக்கும் நிரல் இதைப் பிடிக்கவில்லை. பிடிக்கவும் முடியாது. அந்தப் பதிவேட்டில் இருப்பது நான் எழுதிய எண். அதையே அது எனக்குத் திருப்பிச் சொன்னது.

நீங்களே சோதிக்கலாம். யு-பூட்டில் முதலில் டிகேஷ் ஆஃப் கொடுங்கள். இதை மறந்தால் செயலியின் கேஷ் இரண்டு முகவரிக்கும் தனித்தனி மதிப்பை வைத்திருந்து உங்களை ஏமாற்றும். பிறகு எம்டபிள்யூ கட்டளையால் 18000000இல் 11111111 எழுதுங்கள், 38000000இல் 22222222 எழுதுங்கள். எம்டி கட்டளையால் 18000000ஐ வாசியுங்கள். 22222222 என்று வந்தால் இரண்டு உறுதி, ஒரு காணி.

அளவைத் தானாகக் கண்டுபிடிக்க வழி இல்லையா?

இருக்கிறது, மேலே கையால் செய்ததைத்தான் அது நிரலாகச் செய்கிறது. கெட்-ரேம்-சைஸ் என்ற பங்ஷனுக்குத் தொடக்க முகவரியையும் இருக்கக்கூடிய உச்ச அளவையும் கொடுத்தால், இரண்டின் அடுக்குகளாக உள்ள தூரங்களில் எழுதிப் பார்த்து, எங்கே மடிந்து திரும்புகிறது என்று கண்டுபிடிக்கும். முன்பிருந்த மதிப்புகளைத் திரும்ப வைத்தும்விடும். ஏஎம்335எக்ஸ் நிரல் இதைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே யு-பூட் பழைய பீகிள்போனின் 256 மெகாபைட்டிலும் பிளாக்கின் 512 மெகாபைட்டிலும் ஓடுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், போர்டில் உள்ள ஈப்ரோம் எனும் சிறு நினைவகச் சிப்பில் எந்தப் போர்டு என்ற பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதை வாசித்து டிடிஆர்2 ரேமுக்கான அமைப்பா டிடிஆர்3 ரேமுக்கான அமைப்பா என்று, முழு யு-பூட்டுக்கு முன் ஓடும் சிறு நிரலான எஸ்பிஎல் தெரிவு செய்கிறது.

3 ஜிகாபைட் மாதிரி இரண்டின் அடுக்காக இல்லாத அளவுகளுக்கு இது சரிவராது. அங்கே நீங்களே எழுதவேண்டும். மற்ற எல்லா இடத்திலும் நிலையான எண்ணைவிட இதையே நான் தெரிவு செய்வேன்.

பீகிள்போனில் கெர்னலை 82000000இலும் டிவைஸ் ட்ரீயை 88000000இலும் ஏற்றச் சொல்கிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

நல்ல கேள்வி, ஏனென்றால் பெரும்பாலானோர் இதை மந்திரம்போல் பிரதி எடுக்கிறார்கள். 80000000ஐக் கழித்துப் பாருங்கள். ஒன்று 32 மெகாபைட், மற்றது 128 மெகாபைட்.

32-பிட் ஆர்மில் ஸிஇமேஜ் என்பது சுருக்கிய கெர்னல். அது தன்னைத்தானே விரித்து ரேமின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோய் வைக்கிறது. நாம் ஏற்றும் இடம் அடிக்கு மிக அருகில் இருந்தால், விரிவதற்கு முன் தன்னையே நகர்த்தவேண்டியிருக்கும். 32 மெகாபைட் தள்ளி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ரேம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தான் ஓடும் முகவரியை 128 மெகாபைட் எல்லைக்குக் கீழே வெட்டித்தான் அது ஊகிக்கிறது, ஆகவே முதல் 128 மெகாபைட்டுக்குள் இருக்கவும் வேண்டும். டிவைஸ் ட்ரீ, விரியும் கெர்னலுக்கு அடியில் நசுங்கக்கூடாது, அதனால் 128க்கு மேலே. ஆனால் கண்டபாட்டுக்கு மேலே போகவும் கூடாது: வழக்கமான அமைப்பில் 32-பிட் கெர்னல் தொடக்கத்தில் நேரடியாகத் தொடக்கூடியது ஏறத்தாழ 760 மெகாபைட்தான். 256 மெகாபைட் மட்டும் உள்ள போர்டிலும் 88000000 செல்லும், சரியாக நடுவில் விழுகிறது.

ஆரஞ்சு பைக்கு இதைக் கொண்டுபோக விரும்பினால் முகவரியைக் கொண்டுபோகாதீர்கள், தூரத்தைக் கொண்டுபோங்கள். 40000000உடன் 32 மெகாபைட் கூட்டினால் 42000000. ஆல்வின்னர் அமைப்பிலும் கெர்னலுக்கு அந்த முகவரியே இருக்கக் காண்பீர்கள்.

64-பிட்டில் விதி வேறு. இமேஜ் எனும் கெர்னல் கோப்பின் இடம், 2 மெகாபைட் ஒழுங்கில் வைத்த ஒரு தளத்திலிருந்து கணக்கிடப்படும். டிவைஸ் ட்ரீ 8 பைட் ஒழுங்கில், 2 மெகாபைட்டுக்கு மிகாமல் இருக்கவேண்டும்.

"ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்று வந்து அதன் பின் ஒரு எழுத்தும் வரவில்லை.

கன்சோல் (செய்திகள் வரும் சீரியல் இணைப்பு) பெயரும் வேகமும் சரியா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேருக்கு அதுதான். அது சரியென்றால் டிவைஸ் ட்ரீ அல்லது ராம்டிஸ்க் (ரேமில் ஏற்றும் தொடக்கக் கோப்புத் தொகுதி) நசுங்கியிருக்கலாம். முன்பு கெர்னல் சிறிதாக இருந்த காலத்தில் எழுதிய ஸ்கிரிப்ட்கள் டிவைஸ் ட்ரீயை 16 மெகாபைட்டுக்குள் வைத்தன. இன்றைய கெர்னல் விரிந்ததும் அதன்மேல் ஏறிவிடும். எஃப்டிடி-ஹை, இனிட்ஆர்டி-ஹை என்ற மாறிகளில் எட்டு எஃப் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு முயலுங்கள். அவை "இடம் மாற்றாதே" என்று யு-பூட்டின் கையைக் கட்டிவிடுகின்றன. பதிலுக்குப் பூட்எம்-சைஸை 10000000 என்று வைத்தால், யு-பூட்டே முதல் 256 மெகாபைட்டுக்குள் பாதுகாப்பான இடம் பார்த்து வைக்கும்.

யு-பூட்டை 80800000இல் ஏற்றினோம். பிடிஇன்ஃபோ அதை ரேமின் உச்சியில் காட்டுகிறதே?

அது சரிதான். ரேமின் அளவு தெரிந்ததும் யு-பூட் தன்னை உச்சிக்கு நகர்த்திக்கொள்கிறது, கீழே கெர்னலுக்கு முழு இடமும் கிடைக்கட்டும் என்று. அதன் வேலைக்கான இடங்களான ஹீப்பும் ஸ்டாக்கும் அதற்குக் கீழே அடுக்காக இருக்கும். ரேமைச் சோதிக்கும் எம்டெஸ்ட் கட்டளையை ஓட்டும்போது அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் யு-பூட் தன்னையே அழித்துக்கொள்ளும்.

எஸ்பிஎல் எதற்கு? நேரே யு-பூட்டை ஏற்றினால் என்ன?

எங்கே ஏற்றுவது? மின் வந்த கணத்தில் வெளி ரேம் வேலை செய்யாது, அதை அமைக்கவேண்டும். அமைக்கும் நிரல் சிப்புக்குள் இருக்கும் சிறிய எஸ்ரேமில் அடங்கவேண்டும். ஏஎம்335எக்ஸில் பூட் ரோம் ஏற்கும் உச்சம் 109 கிலோபைட். முழு யு-பூட் அதற்குள் அடங்காது. அதனால் சிறியவர் முதலில் வந்து ரேமைத் திறந்துவிட்டு, பெரியவரைக் கூட்டிவருகிறார்.

என் ராஸ்பெரி பை 4இல் 4 ஜிகாபைட். யு-பூட் 948 மெகாபைட் என்கிறது.

பயப்படவேண்டாம். முதல் 1024 மெகாபைட்டிலிருந்து வீடியோ பகுதிக்கு 76 மெகாபைட் ஒதுக்கப்படுகிறது, மிச்சம் 948. யு-பூட் காட்டுவது அந்த முதல் துண்டை. புதிய பதிப்புகள் முழு அளவையும் பக்கத்தில் காட்டுகின்றன. பையில் ரேமை எழுப்புவது யு-பூட் அல்ல, அதற்கு முன் ஓடும் ஃபர்ம்வேர். ஆகவே இங்கே நீங்கள் எழுத ஒன்றுமில்லை.

டிவைஸ் ட்ரீயில் ரிசர்வ்ட் மெமரி (ஒதுக்கிய நினைவகம்) என்பது ரேமிலிருந்து கழிக்கப்பட்டதா, சேர்ந்ததா?

சேர்ந்தது, ஆனால் உங்களுக்கு இல்லை. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு. எண்ணச் சொன்னால் 99 என்றுதான் எண்ணுவோம். ஆனால் ஒருவரின் தாங்கியில் மற்றவர் எண்ணெய் நிரப்பமுடியாது. மெமரி நோட்டில் முழு அளவையும் எழுதுங்கள். பாதுகாப்பு ஃபர்ம்வேருக்கோ திரைக்கோ கொடுத்த பகுதியை ரிசர்வ்ட் மெமரி நோட்டில் தனியாகக் குறியுங்கள். கெர்னல் அந்தப் பகுதியை மேப்பே செய்யக்கூடாது என்றால் நோ-மேப் என்ற வரியையும் சேர்க்கவேண்டும். அளவைக் குறைத்து எழுதி மறைப்பது கெட்ட பழக்கம், அடுத்து வருபவருக்கு ஏன் என்று தெரியாது. ஆர்கே3399இல் யு-பூட் சுழியத்தில் அல்லாமல் 2 மெகாபைட் தள்ளி ஏற்றப்படுவதும் இதனால்தான்: அடியில் டிரஸ்டட் ஃபர்ம்வேர் குடியிருக்கிறது.

64-பிட் போர்டில் ரெக் வரியில் நான்கு எண்கள் ஏன்?

ஒவ்வொரு எண்ணும் 32 பிட். 64-பிட் முகவரிக்கு இரண்டு, அளவுக்கு இரண்டு. முகவரிக்கும் அளவுக்கும் எத்தனை எண் என்று சொல்லும் அட்ரஸ்-செல்ஸ், சைஸ்-செல்ஸ் இரண்டும் 2 என்று இருக்கும்போது 32-பிட் போர்டிலிருந்து இரண்டு எண்ணை மட்டும் ஒட்டினால், தொடக்கமும் அளவும் சேர்ந்து ஒரே முகவரியாக வாசிக்கப்படும். டிவைஸ் ட்ரீயைத் தொகுக்கும் டிடிசி எச்சரிக்கை கொடுக்கும். தயவுசெய்து அந்த எச்சரிக்கைகளை வாசியுங்கள்.

எஸ்டிஎம்32 மாதிரிச் சிறிய சிப்பில் இது எல்லாம் உண்டா?

டிவைஸ் ட்ரீ தேவையில்லை, நிரலை எந்த முகவரியில் வைப்பது என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்ட் அந்த வேலையைச் செய்கிறது. எஸ்டிஎம்32எஃப்103சி8இல் ஃபிளாஷ் 08000000இல், 64 கிலோபைட். ரேம் 20000000இல், 20 கிலோபைட். பூட்லோடர் முதல் 16 கிலோபைட்டை எடுத்துக்கொண்டால் உங்கள் நிரல் 08004000இல் தொடங்கவேண்டும். வெக்டர் டேபிளையும் (இன்டரப்ட் வந்தால் எங்கே போவது என்ற அட்டவணையையும்) அங்கே நகர்த்தவேண்டும், அதை மறந்தால் முதல் இன்டரப்ட்டிலேயே விழும். எஃப்407இல் கவனம்: 192 கிலோபைட் என்று சொன்னாலும் அதில் 64 கிலோபைட் 10000000இல் தனியாக இருக்கிறது, செயலியின் உதவியின்றித் தரவை நகர்த்தும் டிஎம்ஏ அதைத் தொடமுடியாது.

போர்டு வாங்கக் காசு இல்லை. பழகமுடியுமா?

தாராளமாக. கணினிக்குள்ளேயே போர்டு மாதிரி நடிக்கும் கியூஎம்யூ மென்பொருளின் விர்ட் இயந்திரத்தில் யு-பூட்டை ஓட்டுங்கள். ஆர்மில் ரேம் 40000000இல், ரிஸ்க்-ஃபைவில் 80000000இல் தொடங்கும். தொடங்கும்போது ரேம் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் பிடிஇன்ஃபோ பாருங்கள். யு-பூட் எப்படி உச்சிக்கு ஏறுகிறது என்று கண்ணால் காணலாம். எங்களிடம் வரும் பிள்ளைகள் முதல் மாதம் இதில்தான் இருக்கிறார்கள்.

ரேம் விவரிப்புப் பிழையா, போர்டே பழுதா என்று எப்படிப் பிரிப்பது?

கடற்கரையில் இருக்கும் நமக்கு இது உண்மையான கேள்வி. உப்புக்காற்றில் எஸ்டி கார்டின் தொடுபுள்ளிகளும் பவர் ஜாக்கும் கறுத்துப்போகும், அந்தப் பழுதும் ரேம் பிழை மாதிரியே வேஷம் போடும். நான் பார்க்கும் ஒழுங்கு இது: நல்ல பவர் சப்ளையோடு பிடிஇன்ஃபோவின் அளவை, போர்டில் உள்ள ரேம் சிப்பின் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்த அளவோடு ஒப்பிடுவேன். ஒத்துப்போகவில்லை என்றால் விவரிப்புப் பிழை, அங்கேயே நின்று திருத்துவேன். ஒத்துப்போனால் இரண்டு முகவரிச் சோதனை, அப்புறம் ஓர் இரவு முழுக்க எம்டெஸ்ட். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே முகவரியில் பிழை வந்தால் சிப்பையோ சால்டரையோ சந்தேகிப்பேன். இடம் மாறி மாறி வந்தால் ரேமின் டைமிங்கையும் மின்சாரத்தையும் பார்ப்பேன். எம்டெஸ்ட் ஒரு பிழையும் இல்லாமல் விடிந்தால், ஆல்கஹால் தொட்ட துணியால் கார்டின் தொடுபுள்ளிகளைத் துடைத்துவிட்டு மீண்டும் பூட் செய்வேன்.